மாட்டி வைத்த அட்டை

காட்பாடி ஜங்ஷனில் இறங்கி நாலு அடி வைப்பதற்குள் என் செருப்பு வார் அறுந்துபோனது. சகுனம் பார்க்கிற ஆள் இல்லை நான். ஆனாலும் ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிற சீமைக்குள் நுழைகிற அன்றைக்கா இது அறுந்து தொலைய வேண்டும்? ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக படியேறி இறங்கினேன். பிளாட்பாரம் தோசைக்கல் மாதிரி காய்ந்து கிடந்தது. எங்கள் கோயமுத்தூரில் எத்தனை வெயில் அடித்தாலும் பாலக்காட்டுப் பக்கமிருந்து ஒரு காற்று வந்துவிடும். இங்கேயும் காற்று வந்தது, அதுவும் சுட்டது.

ஆட்டோக்காரர் என் காலைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியா மேடம்?" என்றார்.

"இல்லீங்க, லாட்ஜுக்கு."

"பேஷண்ட் முன்னாடியே வந்துட்டாங்களா?"

பேஷண்ட் யாரும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. வேலூருக்கு ஒருத்தி பெட்டியோடு வந்தால் வியாதி அவளுக்கு இருக்க வேண்டும், அல்லது அவள் கூட வந்தவருக்கு இருக்க வேண்டும். மூன்றாவது காரணம் இந்த ஊரில் செல்லுபடியாகாது போலிருக்கிறது.

லாட்ஜ் இருந்த தெருவில் பாதிப் பலகைகள் வங்காளி எழுத்தில் இருந்தன. ஒரு ஓட்டலில் கடுகெண்ணெயில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. வைத்தியத்துக்காக வடகிழக்கிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள் மாதக்கணக்காகத் தங்கி, தெருவையே தங்கள் ஊராக மாற்றியிருந்தார்கள். பாஸ்போர்ட் கேட்காததுதான் பாக்கி. லாட்ஜ் மேனேஜர் என்னிடம் எத்தனை நாள் என்று இந்தியில் கேட்டார்.

"தமிழ்தானுங்க. ரெண்டு ராத்திரி."

"எதுக்கு வந்திருக்கீங்கன்னு எழுதணும் மேடம்."

"படம் பார்க்க."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எந்த தியேட்டரு? படம் பாக்க இன்னாத்துக்கு லாட்ஜு?"

அது சினிமாப் படம் இல்லை, அட்டைப்படம் என்று விளக்க ஆரம்பித்தேன். பின்னால் ஸ்கேன் கவர்களோடு நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். மேனேஜர் பொறுமையிழந்து, நோக்கம் என்ற கட்டத்தில் 'ஆஸ்பத்திரி' என்று எழுதிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

அவருக்குச் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் அட்டைப்படப் பைத்தியம். ஆயுள் காப்பீட்டு ஆபீசில் வேலை, வீட்டில் இரண்டு பீரோ நிறைய பழைய காமிக்ஸும் வாரப் பத்திரிகைகளும். கதையைக் கூட இரண்டாம் பட்சமாகத்தான் படிப்பேன். அட்டைதான் முக்கியம். கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்குகிற முப்பது புத்தகங்களுக்கு நடுவில் 'என்னை எடு' என்று கத்த வேண்டும். கத்துவதோடு நிற்காமல், வீட்டுக்குக் கொண்டுபோனபின் நாள் முழுக்கப் பார்க்கவும் விஷயம் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே அட்டையில் செய்கிறவர்கள் குறைவு. அவர்களைப் பற்றி ஒரு சிறு பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அது இப்போது பெரிய அளவில், வண்ணத்தில், புத்தகமாக வரப்போகிறது.

அந்தப் புத்தகத்தில் எனக்கு உயிரான அட்டை ஒன்று உண்டு. 'மஞ்சள் படகு மர்மம்' என்ற காமிக்ஸ். எட்டாம் வகுப்பில் வாங்கியது. மஞ்சள் படகிலிருந்து ஒருவன் முதலையின் மேல் பாய்கிறான். அவனுடைய வலது பூட்ஸ் நம் முகத்துக்கு நேராக வருகிறது. அதில் தையல் தெரியும், கயிறு கோக்கிற ஓட்டைகளின் வளையம் தெரியும், ஒரு பக்கம் தேய்ந்த குதிகால் தெரியும். அந்தக் காலத்து மற்ற அட்டைகளில் கதாநாயகர்களின் காலில் கறுப்பாக ஒரு உருண்டை இருக்கும், அவ்வளவுதான். அட்டையில் ஓவியர் பெயர் கிடையாது. கையெழுத்து போடுகிற கீழ் மூலையில் விலைக் கட்டத்தை அச்சடித்துத் தொலைத்திருந்தார்கள்.

நான் என்ன செய்தேன்? பெரிய மேதாவி மாதிரி, 'இந்தக் கோடு ஓவியர் ரங்கபாணி ஒருவருக்கே சாத்தியம்' என்று எழுதினேன். அப்போது சென்னையில் கொடிகட்டிப் பறந்த ஓவியர் அவர். கட்டுரை வந்த மாதமே ஆம்பூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"மேடம், என் பேரு ஸ்டெல்லா. நீங்க எழுதுன அந்த முதலைப் படம் எங்கப்பா போட்டது."

"போட்டதுன்னா? வரைஞ்சதுங்களா?"

"ஆமா, போட்டது."

படத்தை யாராவது போடுவார்களா, வரைவார்கள் என்று திருத்தினேன். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. பிறகுதான், ஒரிஜினல் அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். அதன் மூலையில் கையெழுத்து இருக்குமே. அவள் மாதனூரில் இருக்கும் சித்தப்பாவிடம் விசாரித்துவிட்டு மறுநாள் சொன்னாள்: "இருக்குதாம் மேடம். பத்திரமா மாட்டி வெச்சிருக்காராம்."

பதிப்பாளர் ஆபீசில் புத்தகத்தைக் கவனிக்கிற குமரேசன் ஒரே போடாகப் போட்டார். "ரங்கபாணியோட மகன், அது அப்பா வரைஞ்சதுன்னு கடிதமே குடுத்திருக்கார் மேடம். நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கீங்க. திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது. ஞாயிறு சாயங்காலத்துக்குள்ள கையெழுத்தை போட்டோ எடுத்து அனுப்பினா பேரை மாத்தறேன். இல்லேன்னா ரங்கபாணிதான்." அதனால்தான் இந்தப் பயணம், வெள்ளி, சனி, ஞாயிறு.

வெள்ளிக்கிழமை மாலை வேலூர் பஜாரில் பின்வார் வைத்த ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். சனிக்கிழமை விடிவதற்குள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். பஞ்சு வைத்துக்கொண்டு ஆம்பூர் பஸ் ஏறினேன். மாதனூர் தாண்டுவதற்குள் டயர் பஞ்சர். கண்டக்டர் எல்லோரையும் இறக்கிவிட்டு, "பின்னாடி வண்டி வருது, ஏறிக்கங்க" என்றார். பின்னாடி ஒரு வண்டி வந்து நின்றது. சாலையோரம் நின்றிருந்த பெண்கள் ஏறினார்கள். "ஆம்பூருங்களா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள், ஏறினேன்.

டிக்கெட் கொடுக்க யாரும் வரவில்லை. எல்லாப் பெண்களும் ஒரே நீலக் கோட்டு போட்டிருந்தார்கள். எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இது கம்பெனி பஸ்.

பக்கத்திலிருந்த பெண் சிரித்தாள். "புதுசா சேர்ந்திருக்கீங்களா அக்கா? எந்த செக்‌ஷனு?"

"இல்லீங்க, நான் தெரியாம ஏறிட்டனுங்க."

"வேலைக்கு வர்றதுக்கு நாங்க அழுவுறோம், இந்த அக்கா தெரியாம வருது" என்று முன்சீட்டில் ஒருத்தி சொல்ல, பஸ்ஸே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபத்தை மறைக்கப் பையிலிருந்து என் 'மஞ்சள் படகு மர்மம்' பிரதியை எடுத்தேன். பிளாஸ்டிக் உறை போட்ட, நான் யாரையும் தொடவிடாத பிரதி. பக்கத்துப் பெண் எட்டிப் பார்த்தாள். கண்ணகி என்று அடையாள அட்டையில் பெயர் இருந்தது.

அந்த அட்டையை நூறு பேரிடம் காட்டியிருக்கிறேன். எல்லோரும் முதலில் முதலையைப் பார்ப்பார்கள், அப்புறம் பாய்கிறவன் முகத்தை. கண்ணகி நேராக பூட்ஸுக்குப் போனாள்.

"இதப் பாருடி, டபுள் ஸ்டிச்சு கரெக்டா போட்ருக்கான். தையல் ஓரத்துலேர்ந்து எவ்ளோ தள்ளி வரணுமோ அவ்ளோ தள்ளி வருது."

முன்சீட்டுக்காரி திரும்பி வாங்கிப் பார்த்தாள். என் பிரதி! "பின்னாடி பட்டி இன்னாத்துக்கு இப்டி வளையுது? நம்ம கம்பெனியில இந்த மாடலு கிடையாதே."

"இது காமிக்ஸுங்க" என்றேன். "முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முந்தி வரைஞ்ச படம்."

"வரைஞ்சவரு ஷூ கம்பெனிக்காரரா?" என்றாள் கண்ணகி.

'இல்லை, அது கலைஞனின் கற்பனை' என்று பதில் சொன்னேன். அப்படியே, அதே வார்த்தைகளில். என் கட்டுரையிலும் அந்தக் குதிகால் வளைவைப் பற்றி, 'எந்த ஷூவிலும் இல்லாத, ரங்கபாணியின் கற்பனை மட்டுமே தொடக்கூடிய வளைவு' என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பெண்கள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பஸ் ஒரு பெரிய கேட்டுக்குள் நுழைந்தது. அடையாள அட்டை இல்லாத என்னை செக்யூரிட்டி ஒரு நாற்காலியில் உட்காரவைத்து இருபது நிமிடம் விசாரித்தார். ஷூ டிசைன் திருட வந்தவள் என்று சந்தேகமாம். என் காலைக் காட்டினேன். பஞ்சைப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

ஆம்பூர் கடைத்தெருவில் மெத்தென்ற ஒரு ஷூ தேடி ஏழு கடை ஏறி இறங்கினேன். எங்கே கேட்டாலும் ஒரே பதில். "நல்லதெல்லாம் எக்ஸ்போர்ட் மேடம். ஜெர்மனிக்குப் போவுது." ஜெர்மனிக்காரிக்குக் கிடைக்கிறது, ஆம்பூருக்கே வந்து நிற்கிற எனக்குக் கிடைக்கவில்லை.

மதியம் ஸ்டெல்லா வந்தாள். நாற்பது வயதிருக்கும். ஒரு ஷூ கம்பெனியில் வருகைப் பதிவு பார்க்கிற வேலை. சாப்பாட்டு நேரத்தில் பிரியாணிக் கடைக்கு அழைத்துப்போனாள். சீரகச் சம்பா அரிசி, கூடவே புளிப்பும் காரமுமாக கத்தரிக்காய். பிரியாணிக்குக் கத்தரிக்காயா என்று எங்கள் ஊர்ப் புத்தியில் முகம் சுளித்தேன். ஒரு வாய் வைத்தேன், அப்புறம் பேச்சில்லை. அந்த மூன்று நாளில் நான் யார் மேலும் கோபப்படாமல் இருந்தது அந்த இருபது நிமிடம்தான்.

"எங்கப்பா தயாளன், கம்பெனியில கட்டிங் மாஸ்டர் மேடம்" என்றாள் ஸ்டெல்லா. "லெதர் கட்டிங். ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சு வந்தா படம் போட உக்காருவாரு. போஸ்ட்ல அனுப்புவாரு. மொத்தமே ஒரு பத்து அட்டை போட்டிருப்பாரு. எனக்கு அப்போ மூணு வயசு, நாலு வயசு."

"வேற எதாவது அட்டையில பேர் வந்திருக்குங்களா?"

"ஒண்ணுலயும் வர்ல."

அவள் சோற்றை ஒரு ஓரமாக ஒதுக்கினாள். "அப்பா போய் மூணு வருஷமாவுது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சப்போ 'ஓவியர் தயாளன்'னு போடச் சொன்னேன். எங்க அத்தை சாவு வூட்லயே சிரிச்சுது. லீவு நாள்ல படம் போட்டவன்லாம் ஓவியரான்னு. நான் இந்த முதலைப் படத்தச் சொன்னேன். அப்புறம் உங்க கட்டுரை வந்துச்சி பாருங்க, அதை எனக்கு அனுப்புனதே அத்தைதான். 'படிச்சுப் பாரு, உங்கப்பன் போட்டதுன்னு கத சொன்னியே'ன்னு எழுதி அனுப்புச்சு."

எடுத்த கத்தரிக்காயைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு மதியம் ஜம்பமாக எழுதிய வரி அது. ஆம்பூரில் ஒரு குடும்பத்துக்குள் போய் இப்படி உட்கார்ந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

"நாளைக்குக் கையெழுத்தைப் பார்த்துட்டா எல்லாம் சரியாயிருங்க" என்றேன்.

"சித்தப்பா இன்னிக்கு ஒடுகத்தூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டாரு. நாளைக்கு சர்ச்சு முடிஞ்சு போலாம் மேடம். பேஜாரே இல்ல, மாட்டி வெச்சிருக்காரு" என்றாள். கண்ணாடி போட்ட சட்டத்தில், சுவரில், மாலை கூடப் போட்டு அந்தப் படம் மாட்டியிருப்பதாக நானும் கற்பனை செய்துகொண்டேன். அவளும் அப்படித்தான் செய்திருக்கிறாள் என்பது மறுநாள் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதனூரில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி நிலக்கடலைக் காட்டு ஓரமாக நொண்டிக்கொண்டு போனேன். ஸ்டெல்லா சர்ச்சுக்குக் கட்டிய பட்டுப்புடவையோடே வந்தாள். சித்தப்பா தேவராஜின் யூனிட் ஒரு தகரக் கொட்டகை. எட்டுத் தையல் மெஷின்கள், நடுவில் தோல் வெட்டுகிற நீள மேஜை. கம்பெனிகளிடமிருந்து வேலை வாங்கித் தைத்துக் கொடுக்கிறவர் அவர். அறுபதைத் தாண்டியவர், வெள்ளைச் சட்டையில் நேற்றைய கல்யாணச் சந்தனம் இன்னும் இருந்தது.

"வாங்க மேடம், வாம்மா. டீ சாப்புடுங்க."

"டீ அப்புறம் சித்தப்பா. அப்பாவோட அட்டை எங்க?"

"தோ, மாட்டி வெச்சிருக்கேனே."

சுவரைப் பார்த்தோம். சட்டம் எதுவும் இல்லை. வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் கம்பியில் கோத்த தடித்த அட்டைத் துண்டுகள், இலை மாதிரியும் நாக்கு மாதிரியும் பிறை மாதிரியும். தோலின் மேல் வைத்து அதன் ஓரமாகவே கத்தியை ஓட்டி ஷூவின் பாகங்களை வெட்டுவார்களே, அந்த அளவு அட்டைகள். அவர்கள் பாஷையில் பேட்டர்ன். வாய்ப்பேச்சில் வெறும் 'அட்டை'.

தேவராஜ் மூன்றாவது ஆணியிலிருந்து ஒரு கொத்தை எடுத்து மேஜையில் போட்டார். ஒன்றைத் திருப்பினேன். மறுபக்கம் மஞ்சள் வண்ணம். இன்னொன்றைத் திருப்பினேன். முதலையின் ஒரு கண் என்னைப் பார்த்தது.

"ஐயையோ!" என்று கத்திவிட்டேன். "ஒரிஜினலை வெட்டிட்டீங்களா? எந்தப் புண்ணியவானுங்க இதைப் பண்ணுனது?"

"சித்தப்பா! மாட்டி வெச்சிருக்கேன்னு சொன்னியே!" ஸ்டெல்லாவின் குரல் உடைந்தது.

"மாட்டித்தானே வெச்சிருக்கேன்? ஒரு நாளு கீழ போட்டதில்ல. டெய்லி வேலைக்கு ஆவுது." அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "வெட்டுனது நான் இல்லம்மா. உங்கப்பாதான்."

 அவர் பொறுமையாகச் சொன்னார். அந்தக் காமிக்ஸ் வெளிவந்ததும் ஓவியருக்கு ஐந்து பிரதிகள் பார்சலில் வந்ததாம். பார்சல் மடங்காமல் இருக்க அடியில் ஒரு தடி அட்டை வைத்திருந்தார்களாம். அந்த அட்டை, அவர் வரைந்து அனுப்பிய அதே ஒரிஜினல். பதிப்பகத்துக்கு அது பார்சலுக்கு முட்டுக்கொடுக்கிற அட்டை! அந்தப் பதிப்பகம் இன்று இருந்தால் நேரில் போய்ச் சண்டை பிடித்திருப்பேன்.

"அண்ணன் சிரிச்சாரு. 'படம் அச்சாயி ஊரெல்லாம் போய்டுச்சிடா, இது இனிமே வெறும் அட்டை. நல்ல அட்டை, வேலைக்கு ஆவட்டும்'னாரு. அவரு சொன்னது கரெக்டு. ஓரத்துல பித்தளை தகடு கட்டுனோம், இன்னிக்கு வரைக்கும் தேயல. இப்போ வர்ற அட்டையெல்லாம் ஆறு மாசத்துல பிஞ்சி போவுது."

துண்டுகளை மேஜையில் சேர்த்து வைத்துப் பார்த்தேன். பாய்கிறவன் முகத்தின் நடுவில், ஆணியில் மாட்டுகிற ஓட்டை. முதலையின் வால் இல்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: ஒரிஜினலில் படகின் மஞ்சள் சோகையாக இருந்தது. நான் முப்பத்தைந்து வருஷமாகக் காதலித்த அந்தக் கொழுத்த மஞ்சள், கோட்டைத் தாண்டி வழிகிற மஞ்சள், அச்சகத்துக்காரர் கைங்கரியம். என் பையில் இருந்த பிரதியைப் பக்கத்தில் வைத்தேன். கண் அதற்குத்தான் போனது. அந்த எரிச்சலிலும், தயாளன் சொன்னது பாதி சரிதான் என்று எனக்கே தோன்றியது.

ஆனால் கீழ் மூலை எங்கே? கையெழுத்து எங்கே? தேடினோம். இல்லை. ஷூவுக்கு மூலை கிடையாது, எல்லாம் வளைவு. மூலைகள் வெட்டிய அன்றைக்கே கழிவோடு போய்விட்டன.

ஸ்டெல்லா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ அவ்ளோதானா மேடம்? ரங்கபாணின்னே வருமா?" அவள் அழவில்லை. தன் அப்பா வெட்டிய துண்டுகளையே கோபமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துண்டுகளை மறுபடி திருப்பினேன். படம் இல்லாத பக்கத்தில், ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதியிருந்தது: 'ம. படகு, 5, தயா.' மாடலின் பெயர், சைஸ், பேட்டர்ன் போட்டவர் பெயர். ஷூவுக்கே அந்த மனிதர் 'மஞ்சள் படகு' என்று பெயர் வைத்திருக்கிறார். படத்தில் பெயர் போட விடவில்லை, இங்கே துண்டுக்குத் துண்டு போட்டிருக்கிறார். அவசரமாக போட்டோ எடுத்துக் குமரேசனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"பின்பக்கம் அவர் பேர் இருந்தா, முன்பக்கம் அவர் வரைஞ்சதா ஆயிடுமா மேடம்? பழைய அட்டை எப்படியோ கைக்கு வந்திருக்கலாமே."

எரிச்சலாக இருந்தாலும் நியாயமான கேள்வி. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இதற்குள் தேவராஜ் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம் இது, குதிகாலெல்லாம் புண்ணு?"

"உங்க ஊர்ச் செருப்புங்க" என்றேன் வெடுக்கென்று.

அவர் உள்ளே போய் ஒரு ஜோடி கறுப்பு ஷூ கொண்டுவந்தார். பெண்கள் போடுகிற தட்டை ஷூ. "இது அந்த மஞ்சள் படகு மாடலுதான். ஆஸ்பத்திரி நர்சுங்க வருஷா வருஷம் கேட்டு வாங்கறாங்க. இந்த ஜோடியில தையலு கொஞ்சம் கோணிடுச்சி, ரிஜெக்டு. போட்டுக்கங்க, கடிக்காது."

"புது ஷூ கடிக்காதுங்களா?"

"கடிக்காது. பின்னாடி பட்டியப் பாருங்க."

பார்த்தேன். குதிகாலுக்குப் பின்னால் வருகிற பட்டி நேராக ஏறாமல், எலும்பு இருக்கிற இடத்தில் பிறை மாதிரி கீழே வளைந்து ஒதுங்கி, மறுபடி ஏறியது.  மேஜையில் கிடந்த துண்டுகளில் பூட்ஸ் இருந்த துண்டைத் தேடி எடுத்தேன். தேவராஜ் அதே கொத்திலிருந்து பின்பட்டி அட்டையை எடுத்து, நான் கேட்காமலே அந்தப் பூட்ஸின் குதிகால் மேல் வைத்தார். அளவுதான் பெரிது சிறிது. வளைவு ஒன்றே.

"இந்த வளைவு வேற யாரும் போட மாட்டாங்க மேடம், இது எங்கண்ணன் மூளை. உங்கம்மா ஆஸ்பத்திரியில நின்னே வேலை செய்யும் ஸ்டெல்லா, உனுக்குத் தெரியும்ல. குதிகால்ல எப்பவும் புண்ணு. அதுக்காக யோசிச்சாரு. கம்பெனியில வாயால சொன்னாரு, எவனுக்கும் புரியல. அப்போதான் இந்த காமிக்ஸ் படம் போட்டுக்கினு இருந்தாரு. அதுல அந்த ஆளுக்கு இந்தப் பட்டிய வெச்சுப் போட்டாரு. படத்த எடுத்துக்கினு போய்க் காட்டுனாரு, சிரிச்சானுங்க. அப்புறம் திரும்பி வந்த அட்டையையே வெட்டி, நானும் அவரும் இங்க தெச்சோம். மொத ஜோடி உங்கம்மாவுக்குத்தான்."

ஸ்டெல்லா எழுந்து வந்து அந்தத் துண்டைக் கையில் எடுத்தாள். "அந்த கறுப்பு ஷூவா சித்தப்பா? அம்மா ரிட்டையர்டு ஆவுற வரைக்கும் போட்டுச்சே, அதுவா?"

"அதேதான்."

எனக்கு என் மேலேயே வந்த கோபத்தில், இந்த மூன்று நாளில் மற்றவர்கள் மேல் வந்ததெல்லாம் ஒன்றுமில்லை. 'எந்த ஷூவிலும் இல்லாத வளைவு.' எழுதினேனே! கம்பெனி பஸ்ஸில் இரண்டு பெண்கள் ஒரு நிமிஷத்தில் பார்த்ததை நான் முப்பத்தைந்து வருஷம் பார்த்தும் பார்க்கவில்லை. ஷூவைப் போட்டுக்கொண்டேன். கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தேன். திரும்பி வந்தேன். கொப்புளத்தின் மேல் எதுவும் உரசவில்லை. காட்பாடியில் இறங்கியதிலிருந்து முதல் தடவையாக நொண்டாமல் நடந்தேன்.

குமரேசனுக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"ஒண்ணு பண்ணலாம் மேடம். 'தயாளன் வரைந்ததாகக் கூறப்படுகிறது'ன்னு போட்டுடுவோம். யாருக்கும் மனஸ்தாபம் இருக்காது."

ஸ்டெல்லா துண்டை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கூறப்படுகிறதெல்லாம் வேண்டாங்க" என்றேன். "அட்டைப்படம் தயாளன்னு போடுங்க. என் கட்டுரையில ரங்கபாணின்னு எழுதுன பத்தியை எடுத்துருங்க. நான் எழுதுனது தப்புன்னும் ஒரு வரி போடுங்க."

"நாளைக்கு ரங்கபாணி மகன் கேப்பார் மேடம். எதை வெச்சு இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"போட்டுப் பார்த்துட்டனுங்க."

அந்தப் பக்கம் தட்டச்சு செய்கிற ஒலி கேட்டது.  பிறகு அவர், "சரி, மாத்திட்டேன். தயாளன். இனிஷியல் என்ன?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. ஸ்டெல்லா திரும்பினாள். போனைத் தன் வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிடுகிற குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"எஸ் சார். எஸ். தயாளன். ஆம்பூர்."

மறுநாள் காலை கட்டிங் இருப்பதால் அட்டைகளைத் திரும்பக் கேட்டு வாங்கியிருந்தார் தேவராஜ். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவற்றை ஆணியில் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.